ஒரேகன் கடலோரத்தில் கேஷ் வைக்க எது சரி: பாறையிடுக்கா, முனைக்காடா, டப்பாவே இல்லாததா?

ஜியோகேஷிங்கில் ‘கேஷ்’ என்றால் காசு கிடையாது. ஒருவர் ஒளித்து வைத்து, அந்த இடத்தின் கோஆர்டினேட்டை இணையத்தில் போட, மற்றவர்கள் ஜி.பி.எஸ் வைத்துத் தேடிப் பிடிக்கும் டப்பா அது. உள்ளே ஒரு சின்ன நோட்டு இருக்கும். கண்டுபிடித்தவர் பெயரையும் தேதியையும் எழுதி, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். விளையாட்டு பிறந்ததே அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில்தான். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ்ஸில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2இல் எடுத்தது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் பீவர்கிரீக் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியை வைத்து, எண்களை வெளியிட்டார்.

அதே மாநிலத்தின் மேற்குப் பக்கம் 360 மைலுக்கு மேல் பசிபிக் கரை. கருங்கல் முனைகள், கடலுக்குள் தனித்து நிற்கும் பாறைத்தூண்கள், விளிம்புவரை வந்து நிற்கும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடு. போர்ட்லண்ட், ஹில்ஸ்பரோ பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்களுக்குக் கேனன் பீச் ஒன்றரை மணி நேர கார் பயணம். இருபது முப்பது கேஷ் கண்டுபிடித்த கைக்கு ‘நாமே ஒன்று வைத்தால் என்ன’ என்று அரிப்பு வருவது இயல்பு. அப்போது நான்கு வழிகள் கண்ணுக்குத் தெரியும்: அலை வந்து போகும் பாறையிடுக்கில் டப்பா, முனைமேல் காட்டுப் பாதையோரம் டப்பா, கரையில் தகவல் படித்து மேட்டில் டப்பாவைத் தேடவிடும் மல்டி, டப்பாவே இல்லாத எர்த்கேஷ். முதலாவதை விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் தீர்ப்பு. மற்ற மூன்றில் எது என்பது, வருடத்தில் எத்தனை முறை நீங்கள் அங்கே போய்ப் பார்க்க முடியும் என்பதைப் பொறுத்தது.

கடலின் கணக்கு

சென்னை, தூத்துக்குடி கடலைப் பார்த்துப் பழகிய கண் இங்கே ஏமாறும். நம் ஊரில் கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே மட்ட வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டர், பல இடங்களில் அதற்கும் குறைவு. ஒரேகன் நடுக்கரையான நியூபோர்ட்டில், ஒரு நாளின் உயர்ந்த ஏற்றத்துக்கும் தாழ்ந்த வற்றத்துக்கும் சராசரி வித்தியாசம் 8 அடிக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை மீட்டர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் கூடும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் உண்டு. ஆனால் இரண்டும் சமம் இல்லை. காலை வற்றத்தில் காலாற நடந்த மணலில், மாலை வற்றத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கலாம். நேரமும் தினம் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும்.

தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. வற்றத்திலிருந்து ஏற்றத்துக்கு ஆறு மணி நேரம் என்று வைத்து, வித்தியாசத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு ஏறும். 2.4 மீட்டர் வித்தியாசத்துக்கு இது முதல் மணியில் 20 சென்டிமீட்டர், இரண்டாவதில் 40, மூன்றாவதிலும் நான்காவதிலும் 60, 60. இரண்டு ஏற்றமும் சமமில்லாத இந்தக் கரையில் இது தோராயக் கணக்குதான். ஆனால் ஆபத்து எங்கே என்று காட்டிவிடும்: முதல் மணி நேரம் ‘ஒன்றும் ஏறவில்லையே’ என்று தேடிக்கொண்டே இருப்பவரை மூன்றாவது மணி நேரம் மடக்குகிறது.

கேனன் பீச்சுக்குச் சில மைல் தெற்கே உள்ள ஹக் பாயின்ட் இதற்குச் சரியான உதாரணம். அந்தக் காலத்தில் கடற்கரை மணலே சாலை. முனையைச் சுற்றிப் போக வழியில்லாததால் பாறையைச் செதுக்கி வண்டிப்பாதை போட்டார்கள். அது இன்றும் இருக்கிறது. வற்றத்தில் அதைச் சுற்றி அந்தப் பக்கம் போகலாம். ஏற்றம் வந்தால் திரும்ப முடியாது. கேஷ் தேடுகிறவர் மணி பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஏற்றமும் வற்றமும் எப்போது என்று சொல்லும் ஓத அட்டவணையை அமெரிக்க அரசின் கடல் வானிலைத் துறையான நோவா இலவசமாகத் தருகிறது. படிக்கும்போது மூன்று இடத்தில் தவறு நடக்கும். நிலையம் தப்பாக இருக்கும்: ஆற்றுக்குள் இருக்கும் அஸ்டோரியாவின் நேரம் திறந்த கடற்கரைக்குப் பொருந்தாது. நேரம் தப்பாக இருக்கும்: கோடைக்கால நேர மாற்றம் சேர்க்காத அட்டவணை என்றால் ஒரு மணி நேரம் பிசகும். மூன்றாவது, அட்டவணை நிலவையும் சூரியனையும் வைத்துப் போட்ட கணக்கு. அலையை அது சொல்லாது. புயல் நாளில் காற்றழுத்தம் குறைந்து கடல் மட்டமே உயர்ந்து நிற்கும். அதன் மேல் மூன்று நான்கு மீட்டர் அலை வந்தால், ‘வற்றம்’ என்று போட்டிருக்கும் நேரத்திலும் பாறை நனையும். அலை உயரத்தோடு இரண்டு அலைக்கு நடுவே எத்தனை வினாடி என்பதையும் பாருங்கள். 3 மீட்டர், 8 வினாடி என்றால் கொந்தளிப்பு. 3 மீட்டர், 16 வினாடி என்றால் கடல் அமைதியாகத் தோன்றும், ஆனால் வரும் தண்ணீர் கரையில் வெகுதூரம் ஏறும். கால் மணி நேரம் சாதுவாக இருந்துவிட்டுத் திடீரென்று ஏறி வரும் அலையை அங்கே ‘ஸ்னீக்கர் வேவ்’ என்கிறார்கள். குளிர்காலத்தில் அதிகம். மணலில் கிடக்கும் பெரிய மரக்கட்டையைச் சில அங்குலத் தண்ணீரே புரட்டிவிடும். கட்டைக்கு அடியில் கேஷ் வைக்கும் யோசனையை இதற்காகவே கைவிடலாம்.

வழி ஒன்று: பாறையிடுக்கு

ஆசை காட்டும் இடம் இதுதான், கெடுக்கும் இடமும் இதுதான். டப்பா நிற்க வேண்டுமானால் பாறையில் துளை போட்டு போல்ட் வைக்க வேண்டும், அல்லது பசை ஒட்ட வேண்டும். இரண்டும் விதிப்படி கூடாது. சும்மா செருகி வைத்தால் முதல் அக்டோபர் புயலில் போய்விடும், நீங்கள் கடலில் போட்ட பிளாஸ்டிக் குப்பையாக. நின்றாலும் சுகமில்லை. மூடி விளிம்பில் கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும் பார்னக்கிள்) ஒட்டி வளரும். ரப்பர் வளையத்தில் ஒரு மணல் மணி உட்கார்ந்தால் போதும், தண்ணீர் உள்ளே போகும். காந்தம் வைத்த டப்பாக்களில் நியோடிமியம் காந்தத்தின் நிக்கல் பூச்சு உப்புநீரில் கொப்புளித்து வெடித்து, உள்ளே இருப்பது துருப்பொடியாகக் கொட்டும்.

தேடுபவர் செய்யும் சேதம் அதைவிடப் பெரியது. ஒரு டப்பாவுக்காக மட்டியையும் கடல் சாமந்தியையும் மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லையும் புரட்டிப் பார்ப்பார்கள். ஹேஸ்டாக் ராக், யக்கினா ஹெட் போன்ற இடங்களின் பாறைக்குட்டைகள் ‘மெரைன் கார்டன்’ என்று பாதுகாக்கப்பட்டவை. கடலுக்குள் நிற்கும் பாறைத்தூண்கள், திட்டுகள் என 1,853 இடங்கள் ஒரேகன் தீவுகள் தேசிய வனவிலங்குப் புகலிடத்தைச் சேர்ந்தவை. அவற்றில் ஏறவே கூடாது. 235 அடி உயர ஹேஸ்டாக் ராக்கில் கொட்டலசு ஒட்டியிருக்கும் கோட்டுக்கு மேலே கால் வைக்க அனுமதியில்லை.

வழி இரண்டு: முனைமேல் காட்டுப் பாதையோரம்

டப்பா வைத்தே தீர வேண்டும் என்றால் இங்கேதான். ஆனால் எந்த முனை என்பதில் கவனம் வேண்டும். கேப் பெர்பெச்சுவா கருங்கல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 அடி. உச்சிவரை கார் போகும், பாதைகளும் உறுதியானவை. கேப் கிவாண்டா மணற்கல். மேலே கெட்டியாகத் தெரியும் தரைக்கு அடியில் அலை அரித்து வெற்றிடமாக இருக்கும். வேலிக்கு அப்பால் போனவர்கள் இறந்திருக்கிறார்கள். அங்கே பேர்பெற்ற ‘டக்பில்’ பாறையை 2016 ஆகஸ்டில் சிலர் தள்ளியே விழ வைத்தார்கள் என்றால் அந்தக் கல்லின் பலத்தை யோசித்துக்கொள்ளலாம். தெற்கே புரூக்கிங்ஸ் பக்கம் சாமுவேல் போர்ட்மன் பூங்கா 12 மைல் நீளம். அழகில் மூன்றிலும் முதலிடம். ஆனால் போர்ட்லண்டிலிருந்து ஐந்தாறு மணி நேரம். பராமரிக்கப் போக முடியாத தூரத்தில் இருப்பவர் வைக்கும் கேஷை, வெளியிடும் முன் சரிபார்க்கும் மதிப்பாய்வாளர் பெரும்பாலும் ஏற்க மாட்டார். தெற்குக் கரையில் பாய்சன் ஓக் செடியும் உண்டு. உரசினால் வாரக்கணக்கில் சொறிய வேண்டும்.

இடம் தேர்ந்தால் விளிம்பு விதி ஒன்று. நல்ல வெட்டவெளியில் ஜி.பி.எஸ் பிழை 3 முதல் 5 மீட்டர். செங்குத்துப் பாறையை ஒட்டி நின்றால் வானத்தில் பாதி மறைந்துவிடும். சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வந்து பிழையை 10, 20 மீட்டராக்கும். வைத்தவருக்கு ஒரு பிழை, தேடுபவருக்கு ஒரு பிழை, இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் அம்புக்குறி அவரை விளிம்புக்கு வெளியே காட்டும். அதனால் டப்பா பாதையின் நிலப்பக்கம் இருக்க வேண்டும், விளிம்பிலிருந்து 20 மீட்டராவது தள்ளி. ‘கடல் பக்கம் தேட வேண்டாம்’ என்று விளக்கத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

இன்னொன்று சலால் புதர். இடுப்பளவு, சில இடத்தில் ஆளுயரம், நெருக்கமாக வளரும். அதற்குள் டப்பா வைத்தால் ஐம்பது பேர் தேடி முடிப்பதற்குள் ஒரு மைதானம் ஆகிவிடும். பாதையிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள், அடையாளம் தெரிகிற ஸ்ப்ரூஸ் வேர்ப்பொந்து போன்ற இடத்தில் வையுங்கள். மண்ணைத் தோண்டக் கூடாது. வேறு கேஷின் டப்பாவிலிருந்து 161 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்.

எந்த டப்பா

காட்டில் ராஜா, ராணுவத் தோட்டாப் பெட்டி. கடலோரத்தில் அதன் ஆட்சி செல்லாது. அது எஃகுப் பெட்டி, அதில் பெயின்ட் முதலில் உரிவது கீலிலும் பூட்டுக் கம்பியிலும். உப்புச் சாரல் அங்கே பிடித்தால் ஒன்றிரண்டு குளிர்காலத்தில் கீல் இறுகி, மூடி கோணலாக உட்காரும், ரப்பர் அழுந்தாது. விளிம்பிலிருந்து நல்ல தூரம் உள்ளே, காட்டு நிழலில் என்றால் பரவாயில்லை. அப்போதும் மேலே உள்ள ராணுவ எழுத்துகளை பெயின்டால் மறைத்து, ‘ஜியோகேஷ்’ என்று பெரிதாக எழுதுங்கள். இல்லாவிட்டால் யாராவது போலீஸைக் கூப்பிடுவார்கள்.

அலுமினியத்தில் திருகு மூடியும் ரப்பர் வளையமும் உள்ள சுண்டுவிரல் அளவுக் குழாய் எங்கும் கிடைக்கும். உப்புக் காற்றில் திருகுக்குள் வெள்ளைப் பொடி பூக்கும். அப்புறம் இடுக்கி இல்லாமல் திறக்காது. அதை ஸ்டெயின்லெஸ் கம்பியில் தொங்கவிட்டால், இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்து அலுமினியம் இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

நாலு பக்கமும் கிளிப் வைத்த சாப்பாட்டு டப்பா, உள்ளே சிலிக்கோன் வளையம், 600 மில்லி முதல் ஒரு லிட்டர்: இதுதான் எங்கள் தேர்வு. இதன் பலவீனம் கிளிப்பின் மடிப்பு. வெயில் பட்டால் வெடித்து உடையும், நிழலில் நிலைக்கும். நிறம் மாற்ற டேப் ஒட்டுகிறவர்கள் விளிம்புவரை ஒட்டிவிடுகிறார்கள். மூடி மூடும்போது டேப் வளையத்துக்கு அடியில் மாட்டி, ஒரு மயிரிழை இடைவெளி விடும். அவ்வளவுதான், ஒரு மாதத்தில் நோட்டு கூழ். மூடியிலிருந்து ஒரு விரல் கீழேயே டேப்பை நிறுத்துங்கள்.

நோட்டைக் காப்பாற்ற இன்னொரு உபாயம் உண்டு. சோடா பாட்டில் ஊதுவதற்கு முன் இருக்கும் தடித்த பிளாஸ்டிக் குழாயை ‘ப்ரீஃபார்ம்’ என்பார்கள். சோதனைக் குழாய் போல இருக்கும், பாட்டில் மூடியே பொருந்தும், தண்ணீர் நுழையாது. அதற்குள் நோட்டைச் சுருட்டி, அதை டப்பாவுக்குள் போடுங்கள். வெளி டப்பா ஒழுகினாலும் கையெழுத்துகள் பிழைக்கும். ஜிப் பைக்கு இந்த வேலை வராது. பத்துப் பேர் திறந்து மூடியதும் மூலையில் கிழிந்து, தண்ணீரை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். தாள் நீர் புகாத வகையாக இருக்கட்டும், எழுத பென்சில். பேனா மை குளிரில் இறங்காது, ஈரத்தில் கரையும். தின்பண்டம் எதையும் உள்ளே வைக்காதீர்கள். அணிலும் ரக்கூனும் பிளாஸ்டிக்கைக் கடித்தே திறந்துவிடும்.

கோஆர்டினேட் எண்களை எடுக்க போனே போதுமா என்றால், காட்டுக்குள் போதும். பாறை ஓரத்தில் இரட்டை அலைவரிசை பிடிக்கும் கருவியோ போனோ நல்லது, திரும்பி வரும் சிக்னலை அது ஓரளவு கழிக்கும். தொடுதிரையில் சாரல் பட்டால் விரல் எடுபடாது, அங்கே பட்டன் வைத்த கார்மின் ஜி.பி.எஸ் கருவி ஜெயிக்கும். எந்தக் கருவியானாலும் ஒரே தடவை எடுத்த எண்ணை நம்ப வேண்டாம். குறைந்தது ஒன்றரை மணி நேர இடைவெளியில், முடிந்தால் வேறு வேறு நாளில், மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். கோஆர்டினேட்டை டிகிரி, நிமிடம் என்று எழுதுவார்கள். அந்த நிமிடத்தின் மூன்றாம் தசமத்தில் ஒன்று மாறினால் வடக்கு-தெற்கில் 1.85 மீட்டர், இந்த அட்சத்தில் கிழக்கு-மேற்கில் சுமார் 1.3 மீட்டர்.

வழி மூன்று: மல்டி

கரையின் அழகையும் காட்டி, டப்பாவைப் பத்திரமாகவும் வைக்க இது நடுவழி. கார் நிறுத்தும் இடத்திலோ பார்வை மேடையிலோ ஒரு பலகையின் எண்ணைப் படிக்கச் சொல்லி, அதிலிருந்து கணக்குப் போட்டு மேட்டில் உள்ள டப்பாவுக்கு அனுப்பலாம். படிக்கும் இடத்தில் டப்பா இல்லாததால் 161 மீட்டர் விதி அங்கே குறுக்கே வராது.

கெடுவது இரண்டு இடத்தில். பூங்காவினர் பலகையை மாற்றினால் உங்கள் கணக்கு செத்துவிடும். அதனால் கல்லில் பொறித்த ஆண்டு, இரும்பில் வார்த்த எண் மாதிரி மாறாதவற்றை எடுங்கள். அடுத்தது தேடுபவரின் தப்புக் கணக்கு. நிமிடத்தின் முதல் தசமத்தில் ஒன்று கூடினால் 185 மீட்டர். ஒடுங்கிய முனையில் அது கடலுக்குள் போய் நிற்கும். விடை இலக்கங்களின் கூட்டுத்தொகையைச் சரிபார்க்கக் கொடுத்துவிடுங்கள், அதோடு ‘கடைசி இடம் (கரையோரமாக ஓடும்) நெடுஞ்சாலை 101க்குக் கிழக்கே’ என்று ஒரு வரி.

வழி நான்கு: எர்த்கேஷ்

அலை தொடும் இடத்தைத்தான் காட்ட வேண்டும் என்றால் இதுதான் வழி. டப்பா இல்லை, நோட்டு இல்லை. ஒரு புவியியல் பாடம், அதை அந்த இடத்தில் நின்று பார்த்தால் மட்டுமே விடை சொல்லக்கூடிய சில கேள்விகள். விடையை உங்களுக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ‘கண்டேன்’ என்று பதியலாம். நிலத்துக்குப் பொறுப்பானவர்களின் அனுமதி இதற்கும் வேண்டும். கல்லையோ மணலையோ எடுத்து வரச் சொல்லக் கூடாது.

கஷ்டம் கேள்வி எழுதுவதில்தான் இருக்கிறது. கேப் பெர்பெச்சுவாவின் அடியில் ‘டெவில்ஸ் சர்ன்’ என்ற ஒடுங்கிய பிளவு உண்டு. கருங்கல்லின் விரிசலை அலை காலங்காலமாக அகலப்படுத்தியது. ‘இது எப்படி உருவானது?’ என்று கேட்டால் வீட்டில் இருந்தே இணையத்தைப் பார்த்து எழுதிவிடுவார்கள். ‘பிளவின் வாயிலும் உள்முனையிலும் அகலத்தை மதிப்பிடு, எங்கே நுரை அதிகம், ஏன்?’, ‘இரண்டு பக்கச் சுவர்களில் எது அதிகம் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது?’ என்று கேளுங்கள். யக்கினா ஹெட்டின் உருண்டைக்கல் கரையில், தண்ணீர் ஓரத்திலும் மேலேயும் கல்லின் அளவு எப்படி மாறுகிறது என்று கேட்கலாம். அலை திரும்பும்போது அந்தக் கற்கள் எழுப்பும் கடகட சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாக் கேள்விக்கும் விடை பாதையில், கைப்பிடிக்குள் நின்றே கிடைக்க வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் கிட்டே போனால் தெரியும்’ என்கிற கேள்வியை அடித்துவிடுங்கள்.

பாடம் உள்ளூர் மொழியான ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். கூடவே வேறு மொழியிலும் தரலாம். தமிழில் ஒரு பத்தி சேர்த்தால், வார இறுதிக்கு வரும் அம்மா அப்பாவும் படித்துவிட்டுக் கல்லைப் பார்ப்பார்கள்.

அனுமதியும் தூரமும்

ஒரேகனில் 1967இல் வந்த சட்டத்தால், புல் தொடங்கும் கோடுவரை மணல் முழுதும் பொதுமக்கள் நடமாட்டத்துக்குத் திறந்தது. நடக்கலாம் என்பதால் டப்பாவும் வைக்கலாம் என்று ஆகாது. மாநிலப் பூங்கா என்றால் அந்தப் பூங்கா மேலாளர், கேப் பெர்பெச்சுவா என்றால் சியூஸ்லா தேசியக் காடு, யக்கினா ஹெட் என்றால் மத்திய நில மேலாண்மைத் துறை என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வேறு. மின்னஞ்சலில் கேட்டு வாங்கி, பெயரையும் தேதியையும் மதிப்பாய்வாளருக்கான குறிப்பில் போடுங்கள். ஸ்னோவி ப்ளோவர் பறவை முட்டையிடும் மணல் பகுதிகளில் மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை உலர்மணலில் கட்டுப்பாடு உண்டு. உங்கள் டப்பாவுக்குப் போகும் குறுக்குவழி அதைத் தாண்டுகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள்.

வருடத்துக்கு நாலு முறை அந்தப் பக்கம் போகிறவர் என்றால் பாதையோர டப்பா தாராளமாக வைக்கலாம். இரண்டு முறை என்றால் மல்டி, ஆனால் கரைக்கு அருகில் இருக்கும் இன்னொரு ஆட்டக்காரரைப் பராமரிப்புக்குப் பேசி வைத்துக்கொண்டு. ஒரு முறைதான் என்றால் எர்த்கேஷ் தவிர வேறெதையும் தொடாதீர்கள். டப்பா நனைந்தது என்று யாராவது பதிந்தால் கேஷைத் தற்காலிகமாக நிறுத்தி, பொதுவாக நான்கு வாரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். ஜனவரியில், மலைச்சாலையில் பனி கிடக்கும்போது, 130 கிலோமீட்டர் காரோட்டிப் போய் நோட்டு மாற்ற மனம் வருமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வைக்கிறவர்கள் செப்டம்பர் கடைசியில் ஒரு முறை போய் வளையத்தைத் துடைத்து, நோட்டையும் கிளிப்பையும் மாற்றி வாருங்கள். மழையும் புயலும் அதன் பிறகுதான் தொடங்கும்.